சுருளி அருவியடியில் முருகம்மாள் கடை

சுருளி அருவிக்கு வருகிற சனத்தில் இரண்டு வகை உண்டு. துண்டும் எண்ணெய்க் கிண்ணமுமாகப் பிள்ளைகுட்டிகளோடு கும்மாளமடித்துக்கொண்டு வருகிறவர்கள் ஒரு வகை. செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க வாய் பேசாமல் வருகிறவர்கள் இன்னொரு வகை. அறுபத்துநாலாம் வருசத்து ஆடி அமாவாசையன்று முருகம்மாள் அந்த இரண்டாவது வகையில்தான் வந்து சேர்ந்தாள்.

அவள் வாக்கப்பட்டது தேவாரம் என்கிற ஊரில். புருசன் அழகர் ஏலத்தோட்ட வேலையாக மலைக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு, இறங்கி வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை இல்லை. அவனுடைய தம்பி தங்கபாண்டிதான் காரியமெல்லாம் செய்தான். அமாவாசைக்கு லாரி பிடித்துச் சொந்தபந்தங்களை ஏற்றிக்கொண்டு வந்தவனும் அவன்தான்.

திதி முடிந்து பெண்கள் குளிக்கப் போனார்கள். முருகம்மாள் எல்லாருக்கும் வழி விட்டுக் கடைசியாக நின்றாள். தலை நனைத்து, சேலையைப் பிழிந்துகொண்டு கீழே வந்து பார்த்தால் லாரியைக் காணோம்.

வழியில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்தாள். கம்பத்திலிருந்து வந்து கமாலும் அவன் மனைவி ரம்லத்தும் போட்டிருந்த கடை அது. "வருவாக" என்றாள் முருகம்மாள், யாரும் கேட்காமலே. வெயில் இறங்கியது. கடைசி பஸ்ஸும் போனது.

ரம்லத் வந்து தோளைத் தொட்டாள். "ஈரச்சேலையோட எம்புட்டு நேரம் உக்காந்திருப்ப? வா, எங்க வீடு சுருளிப்பட்டியிலதான். காலையில பாப்போம்."

காலையிலும் யாரும் வரவில்லை. சும்மா இருக்க மாட்டாத முருகம்மாள் வெங்காயம் உரித்தாள், பாத்திரம் கழுவினாள். அதற்கும் மறுநாள்தான் தங்கபாண்டி பதறிக்கொண்டு வந்தான்.

"கூட்டத்துல யாரு எந்த ஓரத்துல ஏறுனாகன்னே தெரியல மதினி. நீங்க முன்னாடி இருக்கீகன்னு நான் நெனச்சேன். எங்கூட இருக்கீகன்னு பொம்பளைக நெனச்சாக. வீட்ல போயும் ஆளாளுக்கு அசதியில படுத்துட்டோம். நேத்து சாயங்காலந்தான் நீங்க இல்லாததே தெரிஞ்சுச்சு."

அவன் சொன்னது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளைக் கொன்றது. வேண்டுமென்று விட்டுவிட்டுப் போயிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். ஆள் இல்லாதது யார் கண்ணிலும் படவில்லை என்பதற்கு என்ன சண்டை போடுவது?

"நீங்க போங்க கொழுந்தனாரே. நான் இங்கனயே இருந்துக்கிறேன்."

அவன் கெஞ்சினான். அப்புறம் கத்தினான். "நம்ம வீட்டுப் பொம்பள ரோட்டோரத்துல எச்சில் கிளாஸ் கழுவுறதா?" என்று கேட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

கழுத்தில் கிடந்ததை விற்று ஆட்டுக்கல்லும் ஒரு பித்தளை அண்டாவும் வாங்கினாள். ஒரே கூரையில் ஒரு பக்கம் ரம்லத்தின் டீ, மறுபக்கம் முருகம்மாளின் சாப்பாடு. காலையில் இட்லி, மத்தியானம் சோறும் மொச்சைக் குழம்பும். ஆனால் கடைக்குப் பேர் வாங்கித் தந்தது கொள்ளு ரசம்தான். அந்தத் தண்ணீரில் குளித்துவிட்டுப் பல் தந்தியடிக்க வருகிறவர்களுக்கு, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு ஆவி பறக்க ஒரு கிளாஸ் நீட்டுவாள். குடித்தவர் முகத்தில் ரத்தம் ஏறுவதைப் பார்ப்பது அவளுக்கு ஒரு சந்தோசம். திதி கொடுக்க வந்தவர்களுக்கு வெங்காயம் பூண்டு படாத தனிச் சட்டி. யார் எதற்கு வந்தார்கள் என்று கேட்க மாட்டாள். நடையைப் பார்த்தே இலை போடுவாள்.

குமுளிப் பக்கமிருந்து வருகிற மலையாளத்துக்காரர்கள் சூடாக ஏதாவது கேட்டு, "சேச்சீ, சூடுள்ளது எந்தெங்கிலும் உண்டோ?" என்பார்கள். "உண்டு உண்டு, இரியுங்க" என்று இவளும் ஒரு பாசை பேசுவாள்.

வேன்கள் கிளம்பும் நேரத்தில் மட்டும் அடுப்பை விட்டுவிட்டு ஓடுவாள். "எல்லாரும் ஏறிட்டாகளா? இன்னொருக்கா பாருங்க." டிரைவர்கள் முதலில் கேலி பண்ணினார்கள். பிறகு அவள் வந்து கேட்டால்தான் வண்டியை எடுப்பது என்று ஆகிவிட்டது.

தங்கபாண்டி வருசா வருசம் அமாவாசைக்கு வரத்தான் செய்தான். கட்டுச்சோறு கொண்டுவந்து தூரத்தில் பாறை நிழலில் சாப்பிட்டுப் போவான். அவளும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டாள். அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதை மட்டும் மனசுக்குள் கூட்டியும் குறைத்தும் வைத்துக்கொண்டே இருந்தாள்.

எழுபத்தொன்பதில் அவன் மகளுக்கு மதுரையில் சம்பந்தம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரை அருவி பார்க்கக் கூட்டிவந்தான். குளித்து நடுங்கிக்கொண்டு வந்த மாப்பிள்ளையின் தாயார், யாரையும் கேட்காமல் நேரே முருகம்மாள் கடைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார். "சூடா ஏதாச்சும் குடு தாயி."

தங்கபாண்டி வெளியே நின்று மரத்தைப் பார்த்தான். அவன் மனைவி சொர்ணலதா உள்ளே வந்தவள் அப்படியே நின்றாள். "அக்கா..."

"இவுக யாரு?" என்றார் சம்பந்தியம்மா.

முருகம்மாள் தங்கபாண்டியைப் பார்த்தாள். நரைத்துப்போயிருந்தான். கழுத்தைச் சாய்த்து நிற்பது அப்படியே அழகர். இத்தனை காலம் சேர்த்து வைத்த வார்த்தைகளைத் தேடினாள். ஒன்றையும் காணோம்.

"இவுக வீட்டுக்கு மூத்த மருமகளா வாக்கப்பட்டவ நான்" என்றாள். "குடிங்க, ஆறிரும்."

தங்கபாண்டி உள்ளே வந்தான். "எங்க அண்ணன் சம்சாரம்" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து கையை நீட்டினான். அவள் கிளாஸை வைத்தாள். ஒரு வாய் குடித்தான்.

"உப்பு கொஞ்சம் கூட, மதினி."

"ஒங்களுக்கு என்னைக்குத்தான் சரியா இருந்துச்சு?"

சொர்ணலதா முதலில் சிரித்தாள். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்குத் தட்டில் பத்திரிகை வைத்து அழைத்தார்கள். முருகம்மாள் போனாள். தேவாரத்து வீட்டில் அவளுடைய பழைய அறையையே ஒதுக்கித் தந்திருந்தார்கள். மறுநாள் அவள் பையை எடுத்ததும் சொர்ணலதா கையைப் பிடித்துக்கொண்டாள். "இங்கனயே இருந்திருங்களேன் அக்கா. இன்னும் கோவமா?"

"கோவமில்ல லதா. அங்கன அடுப்புப் பத்த வைக்கணும்ல."

பஸ்ஸில் உட்கார்ந்து அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். கோபத்தில்தான் அங்கே தங்கினாள். அது உண்மை. கோபம் எந்த வருசம் போனது, அதற்குப் பிறகு எதற்காக அங்கே இருந்தாள் என்பதைத்தான் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கம்பம் தாண்டி மலை கிட்டே வந்ததும் யோசிப்பதை விட்டுவிட்டாள்.

எண்பத்துமூணு கோடையில் அருவி வற்றிப்போனது. பாறையில் ஈரம்கூட இல்லை. முருகம்மாள் பஸ் நிற்கிற இடத்துக்கே போய், "தண்ணி இல்ல, வீணா நடக்காதீக" என்று சொல்லி அனுப்பினாள். கடையில் வேலையே இல்லை.

"ஊரு உலகமெல்லாம் சுத்திப் பாக்க வருது" என்றாள் ரம்லத். "நாம ரெண்டு பேரும் ஒரு எடம் பாத்திருக்கமா? கெளம்பு, வைகை டேமுக்குப் போவோம்."

போனார்கள். அணையிலும் தண்ணீர் அடியில்தான் கிடந்தது. பூங்காவில் நடந்தார்கள், புல்லில் உட்கார்ந்தார்கள், வெளியே ஒரு கடையில் பஜ்ஜி சொன்னார்கள். மேசையில் சிந்திக் கிடந்த சட்னியைப் பார்த்ததும் முருகம்மாள் எழுந்து துணியைத் தேடினாள். ரம்லத் சேலையைப் பிடித்து இழுத்தாள். "உக்காரு ஆத்தா. கொண்டுவந்து வைப்பாக. திங்கிறது மட்டுந்தான் நம்ம வேல."

தட்டு வந்தது. சோடா மாவு கூடுதல், எண்ணெயும் பழசு. ஆனாலும் வேறொருத்தர் சுட்டு, கொண்டுவந்து முன்னால் வைத்தது. முருகம்மாள் மெதுவாகப் பிய்த்துத் தின்றாள்.

"எந்த ஊரும்மா நீங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

"சுருளி" என்றாள் முருகம்மாள்.

"அருவியில தண்ணி விழுகுதா?"

"இப்ப இல்லண்ணே. மழை பெஞ்சதும் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வாங்க."

ரம்லத் இன்னொரு தட்டு பஜ்ஜிக்குச் சொன்னாள்.