மாப்பிள்ளை எந்த ஊரு?

அரியலூரில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். அதற்குள் சவூதியில் வேலை கிடைத்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அதைச் சொல்லக் கூச்சம். பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறிப்போய், “கல்யாணம் நிச்சயமாயிடுச்சு சிஸ்டர், வேலைக்கு வர முடியாதுங்க” என்றேன்.

தலைமை நர்ஸ் மகிழ்ந்துபோய்க் குங்குமத்தை எடுத்தார். “மாப்பிள்ளை எந்த ஊரு?”

“சவூதிங்க.” வாய் முந்திக்கொண்டது.

“பேரு?”

நான் விழித்தேன். அவர் சிரித்துவிட்டார். “கெடச்சது மாப்பிள்ளையா, வேலையா?”

“வேலைதாங்க.”

“அதைச் சொல்றதுக்கென்ன? நல்லபடியா போயிட்டு வா” என்று அதே குங்குமத்தை நெற்றியில் வைத்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா என் முகத்தைப் பார்த்து, “கல்யாணக் களை தெரியுதே, நிச்சயமாயிடுச்சா?” என்றார்.

“இல்லைங்க, வேலை கெடச்சிருக்கு” என்றேன். பஸ்ஸுக்கே கேட்டிருக்கும்.