லினக்ஸ் போட்ட அன்று அக்காவின் கல்யாணப் படங்கள்

அன்று வீட்டில் இருந்தது அம்மா, தங்கை, நான். அப்பா இல்லை, வானம் இருட்டிக்கொண்டு வந்ததால் உப்பளத்தில் குவித்திருந்த உப்பைத் தார்ப்பாய் போட்டு மூடப் போயிருந்தார். அக்காவும் இல்லை, கல்யாணமாகி அனுமந்தையில் இருக்கிறாள். அவளுடைய கல்யாணப் படங்கள் மட்டும் எங்கள் நடுவே இருந்த லேப்டாப்புக்குள் மாட்டிக்கொண்டிருந்தன. ஆல்பம் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டதில், வேறெங்கும் அவை இல்லை.

பள்ளியில் எனக்குக் கொடுத்த லேப்டாப். கொஞ்ச நாளாக ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ஒரு கோடு மினுக்கும், அவ்வளவுதான். "ஃபார்மேட் பண்ணாதான் ஓடும். உள்ள இருக்கிறதெல்லாம் போயிடும்" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அக்கா போனிலேயே அழுதாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளி முடித்த முதல் ஆள் நான். அதனால் கம்ப்யூட்டரில் எனக்குத் தெரியாதது இல்லை என்று அம்மா நம்பினாள். எனக்குத் தெரிந்ததோ வீடியோவில் பார்த்த லினக்ஸ் மட்டும், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச சிஸ்டம். அதை ஒரு நண்பனின் கம்ப்யூட்டரில், புதிதாக வாங்கிய பென்டிரைவுக்கு ஏற்றி வந்திருந்தேன்.

செருகி ஆன் செய்தேன். நிறுவுவதா, நிறுவாமல் முயன்று பார்ப்பதா என்று கேட்டது. முயன்று பார்க்கச் சொன்னேன். கோடு மினுக்கிய திரையில் வண்ணம் வந்தது. விரல் நீளப் பென்டிரைவிலிருந்தே ஒரு முழுக் கம்ப்யூட்டர் எழுந்து நின்றது.

"ணா, தமிழ்ல இருக்குது! கோப்புகள்னு போட்டிருக்குது பாரு!" என்று தங்கை கத்தினாள்.

"யாருடா செஞ்சது?" என்றாள் அம்மா.

"யார் யாரோம்மா. உலகம் பூரா உக்காந்து எழுதி, சும்மா குடுக்கிறாங்க."

"சும்மாவா? நாளைக்கு எவனாவது காசு கேட்டு வந்தா, உங்கப்பாவைக் கைகாட்டி விட்டுடுவேன்."

டிஸ்க்கைத் திறந்தேன். பழைய சிஸ்டம் காட்ட மறுத்த அக்கா, கூரைப்புடவையில் தலை குனிந்து நின்றாள். அம்மா திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

படங்களை எல்லாம் பென்டிரைவிலிருந்து எழுந்த அந்த டெஸ்க்டாப்புக்கு இழுத்துப் போட்டேன். இனி பயமில்லை என்று நிறுவ ஆரம்பித்து, டிஸ்க்கை அழிக்கும் பட்டன் வரை வந்தேன். அழுத்தப் போகையில் காற்று வீசியடித்துக் கரண்டு போனது. பேட்டரி எப்போதோ செத்த லேப்டாப், அதுவும் அணைந்தது.

"பாழாப் போன கரண்டு!" என்றாள் அம்மா.

கரண்டு வந்ததும் மறுபடி பென்டிரைவிலிருந்து ஆன் செய்தேன். டெஸ்க்டாப் துடைத்து வைத்தது போலிருந்தது.

"ணா, அக்கா எங்க?"

முயன்று பார்க்கும்போது டெஸ்க்டாப்பில் வைப்பதெல்லாம் அணைத்தால் கலைந்துவிடும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பட்டனை அழுத்தியிருந்தால் இங்கும் இல்லை, அங்கும் இல்லை.

லேப்டாப்பின் டிஸ்க்கைத் திறந்தேன். அக்கா அங்கேயே நின்றாள். நான் அத்தனை குடைந்தும், பாதியில் கரண்டு போயும், ஒரு படம்கூட அசையவில்லை. ஒன்றும் தெரியாத ஒருவன் கை வைப்பான், அவனுக்கு எதுவும் கெட்டுப்போகக் கூடாது என்று எங்கோ முகம் தெரியாத யாரோ முன்பே நினைத்திருக்கிறார்கள்.

தங்கை மழையில் ஓடி இன்னொரு பென்டிரைவ் வாங்கி வந்தாள். படங்களை அதில் ஏற்றி, கழற்றி, திரும்பச் செருகித் திறந்து பார்த்த பிறகே டிஸ்க்கை அழித்து லினக்ஸை நிறுவினேன்.

அப்பா நனைந்து வந்து சேர்ந்தபோது, படங்கள் லேப்டாப்புக்குள் திரும்பியிருந்தன. தலையைத் துவட்டாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எவ்ளோப்பா ஆச்சு?"

"லினக்ஸுக்கு ஒண்ணும் இல்லப்பா. ரெண்டு பென்டிரைவ்தான். எழுநூத்தி இருவது ரூபா."