முழங்கால்வரை எரிந்த தீ

நானும் தம்பியும் பேச ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நான் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்தவள். அவன் பசறைக்கும் வெலிமடைக்கும் லொறி ஓட்டிக்கொண்டிருந்தவன். நான் எது சொன்னாலும் இல்லை என்பான். அன்று காலைச் சண்டை கேஸ் சிலிண்டரைப் பற்றி.

அடுப்பு எரியவில்லை. சிலிண்டர் காலி என்றான். நான் கடைத் தராசை இரவல் வாங்கி நிறுத்தேன். வெறும் சிலிண்டரின் எடை அதன் கழுத்துப் பட்டியிலேயே பொறித்திருந்தது. கழித்துப் பார்த்தால் இரண்டு கிலோ மிச்சம்; கோளாறு அடுப்பில்தான்.

“ரெண்டு கிலோ இருக்குடா, முட்டாள்.”

“இருந்தா ஏன் எரிய மாட்டேங்குது? ஒன் கணக்கைத் தூக்கி அடுப்புல போடு!”

கையிலிருந்த அகப்பையை எறிந்தேன். நெற்றி கிழிந்து ரத்தம் வந்தது. பதிலுக்கு அவன் சிலிண்டரை எட்டி உதைத்தான். அது சாய்ந்து, குழாய் பிய்ந்து, கேஸ் வெள்ளையாகப் பீறிட்டது. அதை மூடுவதை விட்டுவிட்டு, யார் குற்றம் என்று இன்னும் கொஞ்ச நேரம் கத்தினோம். பிறகுதான் அவன் பாய்ந்துபோய் மூடினான்.

மலைக்காற்று நுழையாதிருக்கக் கதவடியில் சாக்கு திணித்திருந்தோம். அதை எடுக்க எனக்குத் தோன்றவில்லை. விறகுப் புகையில் வளர்ந்தவர்கள் நாங்கள். புகை மேலே போகும், கேஸும் போகும். பெஞ்சில் ஏறி மேல் ஜன்னலைத் திறந்து துவாயால் வீசினேன். அங்கே நின்றபடியே முகர்ந்தேன். வாசம் இல்லை.

“போயிருச்சு. தேத்தண்ணிக்கு வெறகைப் பத்த வை.”

அவன் குனிந்து தீக்குச்சியைக் கிழித்தான். டமார் என்றது. தரை முழுக்க எரிந்தது, அவன் முழங்கால் உயரத்துக்கு. கதவு பெயர்ந்து வாசலில் விழுந்தது. நான் பெஞ்சின் மேல் சேதமில்லாமல் நின்றேன். அவன் அலறியபடி கால்களைத் தரையில் அடித்தான். குதித்து, அவன் இடுப்பில் கட்டியிருந்த எரியும் சாரத்தைப் பிடித்து இழுத்தேன். தோலும் கூடவே வந்தது.

பதுளை ஆஸ்பத்திரியில், வார்டுக்கு வெளியே, ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு? ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ. அதே அளவு சமையல் கேஸ் அதைப் போல இரண்டு மடங்கு. கனமானது கீழேதான் படியும். ஒரு கிலோ வெளியேறியிருந்தால் அரைக் கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையை மீட்டராக்கி அதில் பரப்பினால் இரண்டு விரல் உயரம். காற்றோடு கலந்தால் முழங்கால் உயரம் வரும். பரீட்சையில் முழுப் புள்ளி வாங்கிய கணக்கு. காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தேன். என் கன்னத்தில் நானே ஓங்கி அறைந்துகொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

தம்பியின் கால்கள் இனி கிளட்சை மிதிக்குமா என்று டாக்டர் சொல்லவில்லை. இன்றுவரை மிதிக்கவில்லை.

மருந்து கட்ட வந்த தாதி அவனைத் திட்டினார். “கேஸ் கசிஞ்சது தெரிஞ்சும் ஏன் பத்த வெச்சீங்க?”

“அக்கா போயிருச்சுன்னு சொன்னிச்சு. அது படிச்சது, சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்.”

பிறந்ததிலிருந்து நான் சொன்னதை அவன் நம்பியது அந்த ஒரு தடவைதான்.