மாடு திரும்பாத சந்து

கல்வெட்டு பார்க்க உத்திரமேரூர் போகிறவர்கள் வழி கேட்டு எழுதுகிறீர்கள். சொல்கிறேன். ஆனால் நான் முதல்முறை அந்தப் பக்கம் போனது கல்வெட்டுக்காக அல்ல, ஒரு பால் காய்ச்சும் விசேஷத்துக்கு. எண்பதுகளின் நடுவில், ஒரு தை வெள்ளிக்கிழமை.

அப்போது மெட்ராஸில் தெருவுக்குத் தெரு ஃபிளாட் எழும்பிக்கொண்டிருந்தது. மாம்பலத்தில் எங்கள் எதிர்மனையில் எழும்பிய மூன்று மாடிக்குச் சித்தாளாக வந்தவர் கன்னியம்மா. அவர் கணவர் முருகேசன் அங்கேதான் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே விளங்காமல் போனார். ஊர் திரும்பிய குடும்பத்துக்கு அரசாங்கக் காலனியில் வீடு கிடைத்திருந்தது. அவசியம் வரவேண்டும் என்று கன்னியம்மா சொல்லியனுப்பியிருந்தார்.

விடிகாலை ஐந்தரைக்குப் பாரிமுனையில் பஸ் ஏறி, செங்கல்பட்டில் மாறினேன். மொத்தம் ஏழு ரூபாய் சொச்சம். உத்திரமேரூரிலிருந்து பெருநகர் என்ற ஊர்ப் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம், பிறகு வரப்பில் ஒரு கிலோமீட்டர் நடை. எந்தப் பக்கம் திரும்பினாலும் வயலும் மேய்ச்சல் நிலமும்தான்.

அவ்வளவு இடத்துக்கு நடுவில், தீப்பெட்டி அடுக்கினாற்போல் நாற்பது வீடுகள்! முதுகோடு முதுகு ஒட்டியவை. வாசல்கள் எல்லாம் மூன்றடிச் சந்துகளைப் பார்த்து. மாம்பலத்தில் இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு சாகிறோம், சரி. இங்கே என்ன கேடு?

வழக்கப்படி புது வீட்டுக்குள் முதலில் பசு நுழைய வேண்டும். இரவல் வாங்கிய பசுவுக்கு மஞ்சள் பூசி ஓட்டிவந்தார்கள். சந்தில் நேராக வந்த பசு, கன்னியம்மாவின் வாசலுக்குத் திரும்பும்போது மாட்டிக்கொண்டது. தலை வாசலில், பின்பக்கம் எதிர்ச்சுவரில். மிரண்டு சாணி போட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். கன்னியம்மா சிரிக்கவில்லை.

"மாடே திரும்பல. எங்க வூட்டுக்காரர கட்டிலோட எப்டி சார் திருப்பறது? மாசம் ரெண்டு வாட்டி ஆஸ்பத்திரிக்குக் கட்டிலோடதான ரோடு வரைக்கும் தூக்கிக்கினு போறோம்?"

சாவி கொடுக்க வந்திருந்த ஓவர்சியர், "இது மெட்ராஸ்ல பாஸான பிளான்மா. இடத்த வீணாக்கக் கூடாது. பாயில சுருட்டித் தூக்கிக்க" என்றார்.

"சுத்தி இவ்ளோ இடம் கெடக்கே, யாருக்கு மிச்சம் புடிக்கிறீங்க?" என்றேன்.

"கடைசி வூட்ட மாத்திக் குடு சார். அங்க எதிர்வூடு இல்ல, வாசலுக்கு முன்னாடி வெளி கீது."

"அதெல்லாம் முடியாது. சாவி வேணுமா, வேணாமா? வாங்கினா இப்ப இருக்கற குடிசையப் பிரிக்கணும். வேணாம்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

கன்னியம்மா சாவிக்குக் கை நீட்டவில்லை. "அந்த அடுத்த ஆளுக்கே குடுத்துடு" என்று சொல்லிப் பால் சட்டியை எடுத்துக்கொண்டு குடிசைக்கு நடந்தார். முருகேசனின் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் அன்று பால் பொங்கியது. பசு பின்பக்கமாகவே வெளியேற அரைமணி நேரம் ஆனது.

நீங்கள் போவதானால் செங்கல்பட்டு வழிதான் சௌகரியம். வெயிலுக்கு முன் கல்வெட்டு மண்டபத்தைப் பார்த்துவிடுங்கள். உத்திரமேரூரின் பழைய வீதிகளிலும் ஒரு நடை நடந்து, அகலத்தைப் பாருங்கள். வீட்டுக்குப் பிளான் போடுகிறவராக இருந்தால் கட்டாயம் பாருங்கள்.

அடுத்த ஆனியில் கன்னியம்மா மறுபடி மாம்பலத்துக்குச் செங்கல் சுமக்க வந்தார். எங்கள் தெருக்கோடியில் புது ஃபிளாட். அதன் கீழ்த்தளத்தில், கார் திரும்புவதற்கென்று இருபதடி விட்டிருந்தார்கள்.