முதுகில் வந்த காற்று

சதுரங்கப்பட்டினத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போகும் சாலை, கடலுக்கு முதுகைக் காட்டியபடியே போகிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சாலையில் போய்வருகிறேன். போன கோடையில்தான் அது எனக்கு உறைத்தது.

மீன் விற்கும் இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் மகளை ஒரு நாய் கடித்துவிட்டது. அவளுக்கு எட்டு வயது. மணிக்கட்டில் இரண்டு பற்கள் ஆழமாக இறங்கியிருந்தன. நாயைக் கவனித்துக்கொண்டே இருங்கள், பத்து நாள் பிழைத்திருந்தால் பயமில்லை என்றார் டாக்டர். அதற்குப் பிறகு அந்த நாயை யாருமே பார்க்கவில்லை. ஆகவே செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் தினம் ஒன்றாக, வயிற்றில் பதினான்கு ஊசி. நடுவில் விடக்கூடாது. பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் ஊசி அறையைத் திறப்பார்கள், மூன்று மணிக்குச் சாத்திவிடுவார்கள்.

முதலில் பஸ்ஸில்தான் போனோம். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டும் வேலைக்கு வந்தவர்களால் பஸ் எப்போதும் பிதுங்கி வழிந்தது. இரண்டாம் நாள் யாருடைய முழங்கையோ அவள் வயிற்றில் இடித்தது. அவள் அழவில்லை. உதடெல்லாம் வெளுத்துப்போய் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அன்றிரவே என் கணவர் மோட்டார் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தார்.

அவருக்குக் கயிறும் வலையும் விற்கும் கடை. கடப்பாக்கம் வரைக்கும் போய்ப் படகுக்காரர்களுக்குச் சரக்குக் கொடுத்துவர, ராணுவத்தில் கழித்துப்போட்ட அந்தப் பழைய வண்டியை வைத்திருந்தார். காலையிலும் சாயங்காலத்திலும் ஒரு ஆளைச் சுமந்து பழகிய வண்டி. சித்திரை வெயிலில் மூன்று பேரைச் சுமந்ததில்லை.

அதைக் குளிரவைக்கத் தண்ணீர் கிடையாது, காற்றுதான். இன்ஜினைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் தகடுகளுக்கு நடுவே காற்று ஓட வேண்டும். ஓடாவிட்டால் உள்ளே இருக்கும் ஆயில் காய்ந்து காய்ந்து தண்ணீராய் இளகிவிடும். அப்புறம் இரும்பை இரும்பு தின்னும். இதெல்லாம் அவர் சொல்லித் தெரிந்துகொண்டதுதான்.

"கொஞ்சம் மெதுவா போங்களேன். குலுங்கறப்பல்லாம் வயித்த புடிச்சிக்கிறா."

"மெதுவா போனா காத்து எங்கேர்ந்து வரும்? இப்பவே அடுப்பு மாதிரி கீது."

"காத்துதான் பின்னாடியே வருதே."

"அதான் பேஜாரே. நம்மகூடவே வந்துகினு கீது."

நடுப்பகல் தாண்டினால் கடற்காற்று எழும்பிவிடும். ஊரே அதற்காகக் காத்துக்கிடக்கும். எங்களுக்கு அது முதுகில் வந்தது. குழந்தைக்காக நாங்கள் மெதுவாகப் போக, காற்றும் ஏறக்குறைய அதே வேகத்தில் கூட வந்தது. ஓடுகிற வண்டியில் என் துப்பட்டி அசையாமல் தோளில் கிடந்தது. வண்டி விட்ட புகை எங்களைப் பிரியாமல் மூக்கருகிலேயே நின்றது. இன்ஜினுக்கு மூச்சே இல்லை.

அவரால் ஆனதையெல்லாம் செய்தார். தகடுகளுக்கு இடையில் அடைந்திருந்த மணலையும் மண்ணையும் துடைப்பக்குச்சியால் நோண்டி எடுத்தார். கால் மறைப்புத் தகரத்தைக் கழற்றிப் போட்டார். பழைய ஆயிலை வடித்துவிட்டு லாரிக்கு ஊற்றும் கெட்டி ஆயிலை ஊற்றினார். வழியில் புளியமர நிழலில் நிறுத்தி, இன்ஜின்மேல் காற்றுப் படும்படி வண்டியைக் கடல் பக்கம் திருப்பி வைப்போம். அப்படி நிற்கையில் ஒரு மாட்டுவண்டிக்காரர் கேட்டார்:

"இன்னா பாய், ஊட்ல எதுனா மறந்துட்டு வந்துட்டியா?"

"வண்டிக்குக் காத்து வாங்க வந்தோம்."

"நல்லா கீதே. பொண்டாட்டி புள்ள வெயில்ல, வண்டி காத்துலயா?"

சூட்டை அளக்க அந்த வண்டியில் ஒன்றும் இல்லை. ஆயில் டாங்க் வலது பக்கம் இருக்கைக்குக் கீழே இருந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்த மகளின் வலது கெண்டைக்கால் அதை ஒட்டி இருக்கும். பழைய வேட்டியைக் கிழித்து அந்தக் காலில் சுற்றிவிட்டேன். துணியைத் தாண்டிச் சூடு தெரிந்தால் அவள் சொல்வாள்.

"அத்தா, சுடுது."

உடனே நிறுத்துவார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது கதவு சாத்துவதற்குக் கொஞ்ச நேரம்தான் இருக்கும். ஆனாலும் போய்ச் சேர்ந்தோம்.

ஊசிக்கு வரிசையில் நிற்பவர்களில் கடப்பாக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். படகுக்காரர், காலில் கடி. வரிசையை எப்போதும் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் கம்பவுண்டர் அவரிடம், "நாளைக்கும் கரெக்டா வந்துடு" என்றார்.

"வராம? ஒரு நாள் வுட்டா நானே நாயாட்டம் கொலைக்க வேண்டியதுதான். அப்புறம் உன்னத்தான் மொதல்ல கடிப்பேன் அண்ணாத்த."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மகள் சிரிக்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயப்படுகிறாள் என்று தெரிந்தது. என்ன முடிவு செய்துகொண்டாள் என்று தெரியவில்லை.

மறுநாள் திருக்கழுக்குன்றம் தாண்டியும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"சுடுதாம்மா?" என்று அவர் திரும்பாமலே கேட்டார்.

"இல்ல அத்தா. போங்க."

கெட்டி ஆயில் வேலை செய்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. புளியமரங்களைத் தாண்டிப் போனோம். கொஞ்ச தூரத்தில் தீய்ந்த எண்ணெய் வாடை வந்தது. நான் வாய் திறப்பதற்குள் யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுத்ததுபோல் இன்ஜின் நின்றது. பின்சக்கரம் சுற்றாமல் சாலையில் தேய்ந்து இழுத்துக்கொண்டு போயிற்று. அவர் எப்படியோ கிளட்சைப் பிடித்து, விழாமல் ஓரங்கட்டினார்.

ஆயில் டாங்க் மூடியைத் திறந்ததும் புகை வந்தது. கிக்கரை மிதித்துப் பார்த்தார். அது இறங்கவே இல்லை. சாலையோரம் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "ஊத்தாதம்மா, வெடிச்சிடும்" என்று அவர் தடுத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து மகளின் காலைத் தொட்டார்.

சுற்றியிருந்த துணி சதையோடு ஒட்டியிருந்தது. பிரித்தபோது கொப்புளத்தின் தோலும் கூடவே வந்தது.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா நிறுத்துவீங்க. நின்னா கதவ சாத்திடுவாங்க."

அவர் எழுந்துபோய் வண்டிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார். முகத்தை எங்களுக்குக் காட்டவில்லை.

கல்பாக்கத்தில் சிமெண்டு இறக்கிவிட்டுத் திரும்பிய லாரி ஒன்று வந்து நிற்க வெகுநேரம் ஆயிற்று. வண்டியைக் கல் உடைக்கும் பெண்ணிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஏறினோம். லாரிக்காரர் விஷயம் கேட்டதும் எவ்வளவு வேகமாக ஓட்ட முடியுமோ அவ்வளவு வேகமாக ஓட்டினார். ஒவ்வொரு குலுக்கலிலும் அவள் வயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் மட்டும் திரும்பத் திரும்ப, "மணி இன்னா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். லாரிக்காரர் கையில் கடிகாரம் இருந்தது. அந்தக் கையை அவர் ஸ்டியரிங்குக்குக் கீழே இறக்கிக்கொண்டார்.

கதவு சாத்தியிருந்தது. மருந்து வைத்திருக்கும் பெட்டியின் சாவியோடு கம்பவுண்டர் போய்விட்டிருந்தார். பெரிய டாக்டர் வந்து பார்த்தார். "நாளைக்குப் போட்டுக்கலாம், ஒரு நாள்தானே, ஒண்ணும் ஆகாது" என்றார். கால் புண்ணுக்கு நர்ஸ் மருந்து வைத்துக் கட்டினாள். கட்டுப் போடும்போது என் மகள் அவளிடம், "நாளைக்கு ரெண்டு ஊசியா போட்டுடுவீங்களா?" என்று கேட்டாள்.

மறுநாள் பஸ்ஸில் போனோம். என் கணவர் கூட்டத்தை முதுகால் தள்ளிக்கொண்டு, அவளைச் சுற்றிக் கைகளை வைத்து நின்றபடியே வந்தார். வரிசையில் கடப்பாக்கத்துக்காரர் எங்களைப் பார்த்ததும், "நேத்து காணோமேம்மா?" என்றார். சொன்னேன். அவர் என் மகளின் காலைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஊசி முடிந்து போகும் வரை அவர் ஒரு வேடிக்கையும் பேசவில்லை. அதுதான் எனக்குக் கிலியாக இருந்தது.

மிச்ச ஊசிகளையெல்லாம் போட்டு முடித்தோம். வண்டியை அவர் இருந்த நிலையிலேயே விற்றுவிட்டார். அந்த வெறிநோய் வருவதானால் மாதக்கணக்கில் கழித்தும் வரலாம் என்கிறார்கள். வந்தால் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இழுத்துக்கொள்ளுமாம். அவள் தம்ளரை எடுத்தால் என் கை தானாக நின்றுவிடும். குழம்பு அடிப்பிடித்தாலும் பார்த்துக்கொண்டே நிற்பேன். யாருக்கும் தெரியாமல் பார்ப்பதாகத்தான் நினைத்திருந்தேன்.

இப்போதெல்லாம் தாகம் எடுத்தால் அவள் தம்ளரோடு என்னைத் தேடிக்கொண்டு அடுப்பங்கரைக்கு வருகிறாள். என் எதிரில் நின்று, நிறுத்தாமல் முழுவதையும் குடிக்கிறாள். காலித் தம்ளரை என் பக்கம் சாய்த்துக் காட்டிவிட்டு விளையாடப் போகிறாள்.