ஒதீலின் மஞ்சள் ஒயின்

ஒதீலுக்கு இடுப்பெலும்பு முறிந்த அந்தக் குளிர்காலத்தில் அவள் தங்கை வீட்டுக்காரர் அர்மான் உதவிக்கு வந்தார். பக்கத்து பர்கண்டிக்காரர், அங்கே அவருக்கும் ஒயின்தான் தொழில். நல்ல மனிதர்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனாலும் அவர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

பிரான்சில் எங்கள் ஜூரா மலைப்பக்கம் சவஞ்யான் என்று ஒரு வெள்ளைத் திராட்சை உண்டு. அதன் ஒயினைப் பீப்பாயில் ஊற்றி மூடினால் ஆறு வருஷத்துக்கு மேல் ஆகும்வரை தொடக்கூடாது. ஒயின் வற்ற வற்ற, பாலில் படிகிற மாதிரி மேலே ஒரு ஆடை படியும். அந்த ஆடைதான் அதை மஞ்சள் ஒயினாக்கும். புருஷன் செத்த வருஷம் ஒதீல் தானே பறித்து, தானே நிரப்பிய பீப்பாய்கள் அவை. அதுவரை புட்டியில் முதலில் மாமனார் பெயர், பிறகு புருஷன் பெயர். இதில்தான் முதன்முதலாக அவள் பெயர் வரவேண்டும். "பொம்பளைக்கு அத்தன வருஷம் தெறந்து பாக்காம இருக்க வருமா?" என்று மதுக்கடையில் ஆண்கள் சிரித்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கடைசி வருஷமும் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, பக்கத்து வீட்டுக்காரி நான்தான் அவளைக் கைத்தாங்கலாக நிலவறைக்கு இறக்கினேன். அர்மானும் பின்னாலேயே வந்தார். ஒரு பீப்பாயின் மூடியைப் பார்த்தாள். விளிம்புவரை ஒயின் ஈரம், யாரோ புதிதாக ஊற்றிய மாதிரி.

"மாப்ளே, யாரக் கேட்டு இத நெரப்புனீங்க?"

"பாதி காலியாக் கெடந்துச்சு மதினி. எங்க ஊருல பீப்பாய இப்படிப் போட்டு வெச்சா கைய ஒடிச்சிருவாங்க. எல்லாத்தயும் நெரப்பிட்டேன்."

"எத ஊத்தினீங்க?"

"ஒங்க நிலவறையில இருந்த ஷார்டொனே திராட்சை ஒயினுதான். நல்ல ஒயின்."

"அட பாவி மனுஷா! ஒங்க ஊருத் திராட்சைக்கு அது சரி. இது சவஞ்யான்யா! காலியா விட்டாத்தான் அது உருப்படும். ஆடையும் போச்சு, கலப்படமும் ஆச்சு!"

அர்மான் முகம் வெளுத்துவிட்டது. "ஆடை மறுபடி படியும் மதினி. வெளிய யாருக்குத் தெரியப்போவுது?"

"நாக்கு இருக்கறவனுக்கெல்லாம் தெரியும்! புட்டியில பொய்ய ஒட்டி விக்கவா நான் இத்தன வருஷம் பொறுத்தேன்?"

ஊன்றுகோலால் பீப்பாயை ஓங்கி அடித்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மதுக்கடையில் மறுநாளே பேச்சு: "பாத்தியா, பொம்பள ஒயினு கெட்டுப்போச்சு." நான் ரொட்டி வாங்கப் போனவள், யாரிடமும் குரல் உயர்த்தாதவள், அந்தக் கடை வாசலில் நின்று கத்தினேன். "தெறந்தது யாருடா? ஆம்பள! அவ தொடவே இல்ல!" ஆண்டவர் பொறுத்துக்கொள்ளட்டும், அதற்குமேல் சொன்னதை எழுத முடியாது. ரொட்டி வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினேன்.

அவள் அதைச் சாதாரண வெள்ளை ஒயினாகச் சாதாரணப் புட்டியில் அடைத்து விற்றாள். அறுபத்திரண்டு வயதில், அடுத்த அறுவடையின் சவஞ்யானை அதே பீப்பாய்களில் ஊற்றி மூடினாள். நிலவறைக்குப் புதுப் பூட்டு.

மறு வருஷம் ஈஸ்டர் பூசைக்குத் தங்கையோடு அர்மானும் வந்திருந்தார். பூசையின் நடுவே எல்லாரும் ஒருவருக்கொருவர் கை கொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில், பின்வரிசையிலிருந்து அவளிடம் கை நீட்டினார்.

"சமாதானம், மதினி."

ஒதீல் அந்தக் கையைப் பார்த்தாள். "ஊத்தி மூடியிருக்கேன், மாப்ளே. ஆறு வருஷம் போயி அது மஞ்சளானதும் வாங்க, சமாதானத்த அப்பத் தர்றேன்" என்று சொல்லிவிட்டு பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.