வள்ளத்துப் பலகையில் செருப்பு

இது நடந்தது இரண்டு வருடத்துக்கு முந்தின ஆடி மாதம், மன்னார் தீவில், பேசாலையைத் தாண்டிக் கடற்கரையை ஒட்டி இருக்கிற எங்கள் வாடகை வீட்டில். சோளகக் காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. சோற்றிலும் மண், பாயிலும் மண். என் தலைக்குள் இருந்தது மட்டும் மரத்தூள்.

நான் பிறந்து வளர்ந்தது நானாட்டான் பக்கம். வயல்காரக் குடும்பம். மன்னார் டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை கிடைத்ததால்தான் மனைவியோடு தீவுக்குள் குடிவந்தேன். நாள் முழுக்க வாளும் சீவுளியும் ஆணியும் எடுத்துக் கொடுக்கிறவனுக்கு, இதையெல்லாம் நானே பிடித்துப் பார்த்தால் என்ன என்று ஒரு விசர் பிடித்துவிட்டது. யூடியூபில் பார்த்தால் மேசை செய்கிறது தோசை சுடுகிற மாதிரித்தான் இருக்கும். லீவு நாளென்றால் விறாந்தையில் மரம் அறுக்கத் தொடங்கிவிடுவேன். "உங்களைக் கட்டினதுக்கு ஒரு மரவேலை ஓடாவியைக் கட்டியிருக்கலாம், அவனாவது ஒழுங்கா அறுப்பான்" என்பாள் மனைவி.

முதல் செய்தது ஒரு கதிரை. வெட்டின ஈரம் காயாத வேப்பமரம். அந்தக் காற்றுக்குக் காய்ந்து பொருத்தெல்லாம் வாயைப் பிளந்துவிட்டது. மாமி வந்த அன்று அதில் இருந்துவிட்டு எழும்பினா. சேலைத் தலைப்பு பொருத்துக்குள் இறுகி, கதிரையும் சேர்ந்து எழும்பியது. "மருமோன், கதிரை என்னை விடுகுதில்லை" என்று மாமி கத்த, அயலெல்லாம் சிரிப்பு. அதோடு விட்டேனா? இல்லையே. ரோசம் வந்துவிட்டது.

அன்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூடச் சிரித்தவர்தான் பக்கத்து வீட்டு அண்ணை. என்னிலும் ஒரு பத்து வயது கூட இருக்கும். கடல் தொழில். நல்ல பகிடிக்காரன். அவருக்கும், நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிற அவர் மனைவிக்கும் பிள்ளைகள் இல்லை. என் மனைவிக்குப் பிள்ளைப்பேற்று வயிற்றுக்குத்து வந்த அன்று நான் கடைக்குச் சாமான் எடுக்க வவுனியாவில் நின்றேன். ஃபோனில் நான் பதறிக்கொண்டிருக்க, அவர்கள் இரண்டு பேரும்தான் ஓட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகும் அக்கா நாள் தவறாமல் பத்தியத்துக்குச் சரக்கு அரைத்துக் கறி வைத்து, சுறா வறையும் கொண்டுவந்து தருவா. சொந்தச் சகோதரம் அப்படிச் செய்யாது.

அதனால் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக நிற்கச் சொல்லி அண்ணையைத்தான் கேட்டோம். அவர் உடனே ஓம் என்று சொல்லவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எங்களிட்டை இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லைத் தம்பி. பிள்ளை இல்லாதவையை ஆர் கேப்பினம்?" என்றார். குரல் தழுதழுத்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அடுத்த நாள் விடியவே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய், வளவு மூலையில் தென்னோலைக் கிடுகால் மூடிக் கவிழ்த்துக் கிடந்த தன் பழைய மர வள்ளத்தைக் காட்டினார். இப்போது எல்லோரையும் போல அவரிடமும் ஃபைபர் போட்தான். ஆனால் தொழில் தொடங்கினது அந்த வள்ளத்தில்தான். "நீங்கள்தான் மர வேலை செய்யிறனீங்களே. கழட்டி எடுங்கோ. என்ரை பிள்ளைக்கு ஒரு தொட்டில் செய்யுங்கோ" என்றார். 'என்ரை பிள்ளை' என்று அவர் சொன்னதை அக்காவும் கேட்டா. திரும்பிக் குசினிக்குள் போய்விட்டா.

அது என்ன மரமோ, வாள் பல்லெல்லாம் மழுங்கிப் போனது. நீலப் பெயின்ட், அதுக்குக் கீழே பச்சை, அதுக்கும் கீழே சிவப்பு. தேய்க்கத் தேய்க்க உள்ளுக்குள் இருந்து தேன் நிறத்தில் மரம் வெளியில் வந்தது. தொட்டில் நன்றாகவே வந்தது. இப்போதும் சொல்வேன், நான் செய்ததிலேயே நல்ல சாமான் அதுதான். அண்ணை வந்து விரலால் ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டது.

பலகை மிஞ்சிக் கிடந்தது. அதில் ஒன்று வள்ளத்தின் அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், இருந்த அகலமான பலகை. ஞானஸ்நானத்துக்குச் சனம் வரும், வாசலில் செருப்பு இறைந்து கிடக்கும். விறாந்தைக்கு ஒரு செருப்புத் தட்டு செய்தால் என்ன என்று நினைத்தேன். அந்தப் பலகையை மேல் தட்டுக்குப் போட்டேன். அதில் ஒரு இடத்தில் மட்டும் சின்னச் சின்ன ஆணி ஓட்டைகள் நெருக்கமாக இருந்தன. எதுக்கு இந்த இடத்தில் இத்தனை ஆணி என்று ஒரு கணம் யோசிக்கவாவது வேண்டாமா? நான் யோசித்ததெல்லாம் எப்படி மறைக்கலாம் என்றுதான். மரத்தூளைப் பசையில் குழைத்து ஒவ்வொரு ஓட்டையாக அடைத்து, காயவிட்டு, சாண்ட் பேப்பரால் தேய்த்து, மேலே வார்னிஷ் பூசினேன். கண்ணாடி வைத்துத் தேடினாலும் ஓட்டை தெரியாது. ஃபோட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டு எல்லோரிடமும் பாராட்டும் வாங்கிவிட்டேன்.

ஞானஸ்நானத்துக்கு முதல் நாள் பின்னேரம் அண்ணையும் அக்காவும் பிள்ளைக்கு எடுத்த வெள்ளைச் சட்டையோடு வந்தார்கள். நான் ஓடிப்போய், "அண்ணை, இஞ்சை பாருங்கோ, உங்கடை வள்ளத்து மரம், சும்மா விடேல்லை" என்றேன். அவர் மண்ணில் கழற்றிவிட்டிருந்த செருப்பை நானே குனிந்து எடுத்தேன். மரியாதை செய்கிறேனாம்! எடுத்து, அந்த அணியப் பலகையின் நட்ட நடுவில், என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கிட்ட வந்து பலகையைத் தடவினார். விரல் எதையோ தேடி அலைந்தது. பிறகு தன் செருப்பை எடுத்து மண்ணில் வைத்தார். என் செருப்பையும் எடுத்துக் கீழே வைத்தார். "வலை கிடக்குத் தம்பி, நான் வாறன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிள்ளையைப் பார்க்கவில்லை. அக்கா சட்டைப் பார்சலை என் மனைவியின் கையில் வைத்துவிட்டு அவருக்குப் பின்னால் ஓடினா.

அந்த நேரம் எனக்கு வந்தது கோபம். இப்போது நினைத்தால் நாணிக் கூசுகிறேன். "தந்த மரத்துக்கு இப்ப முகத்தை நீட்டுறார். தொட்டிலோட விட்டிருக்க வேணும் எண்டு நினைக்கிறார் போல" என்று மனைவிக்குக் கேட்க உரத்துச் சொன்னேன். அக்கா வேலியடியில் நின்றிருந்தால் அவவுக்கும் கேட்டிருக்கும்.

மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் சிவப்பும் இல்லை வெளுப்பும் இல்லை, செத்த வீட்டுக்குப் போய் வந்த முகம். அக்கா கேட்டது இவ்வளவுதானாம்: "தங்கச்சி, உங்கடை ஊரிலை சுளகுக்குள்ளை செருப்பு வைப்பினமோ?"

 எங்கள் ஊரில் நெல்லுச் சூடடிக்கிற களத்துக்குள் ஒருத்தரும் செருப்போடு கால் வைக்க மாட்டோம். நெல்லுப் புடைக்கிற சுளகில் தெரியாமல் கால் பட்டாலும் தொட்டுக் கும்பிடுவோம். சோறு போடுகிற சாமான். எனக்கு அது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடல்காரருக்கு வள்ளமும் அப்படித்தான் என்று மட்டும் என் மண்டைக்கு எட்டவில்லை. அதையும் நான் காணாதவன் இல்லை. அண்ணையின் போட்டில் ஒருதரம் ஏறப் போனபோது, "செருப்பைக் கரையிலை விட்டிட்டு ஏறுங்கோ" என்று அவரே சொல்லியிருக்கிறார். வழுக்கும் என்று சொல்கிறார் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டேன்!

மனைவி மிச்சத்தையும் சொன்னாள். அந்த ஆணி ஓட்டைகள் குருத்தோலைக்கு அடித்தவை. ஒவ்வொரு குருத்தோலை ஞாயிறும் கோயிலில் மந்திரித்த ஓலையைச் சிலுவையாக மடித்து, அணியத்தில் அதே இடத்தில் ஆணி அடித்து வைப்பாராம். அதைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுத்தான் வள்ளத்தைத் தள்ளுவார். "பிள்ளை இருந்தா அதுக்குத்தான் இந்த வள்ளம் எண்டு வைச்சிருந்தவர். உங்கடை பிள்ளை வந்த பிறகுதான் அதிலை கை வைக்க மனம் வந்தது" என்று அக்கா சொன்னாவாம். சொல்லி முடித்துவிட்டு மனைவி கேட்டாள், "நாளைக்கு அவர் வருவாரோ?" 

செருப்புத் தட்டைக் கழற்றப் போனேன். யானை ஏறினாலும் அசையாது என்று பெருமைக்குப் பூசின பசை, ஒரு துண்டும் விட்டுக்கொடுக்கவில்லை. உளியைக் கொடுத்து நெம்பினதில் அணியப் பலகையின் ஒரு ஓரம் பிளந்தது. ஐயோ கடவுளே, அந்தச் சத்தம்! ஒருவழியாகக் கழன்று வந்த பலகையைக் கழுவித் துடைத்து வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போனேன்.

அண்ணை வலையில் சிக்கியிருந்த பாசியும் குப்பையும் பொறுக்கி வலை தெரிந்துகொண்டிருந்தார். நான் போய் நின்றேன். வழியெல்லாம் மன்னிப்பைச் சொல்லிப் பழகிக்கொண்டு போயிருந்தேன், அதுக்கு முதல் அவரே பேசினார். "தெரியாமத்தானே செய்தனீங்கள். கோவமில்லைத் தம்பி." பிறகு வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆனா கண்டது கண்டதுதானே" என்றார். ஏசியிருந்தால், தூசணத்தில் திட்டியிருந்தால், நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். நாளைக்கு வாருங்கள் என்று கேட்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. பிள்ளையோடு முன்னுக்கு வந்து நின்றோம். ஞானத்தாயாக அக்கா பக்கத்தில் நிற்கிறா. அண்ணையைக் காணவில்லை. அக்காவைப் பார்த்தால் அவ தரையைப் பார்க்கிறா. பாதர் மணிக்கூட்டைப் பார்த்தார். "ஞானத்தகப்பன் ஆர்?" என்று கேட்டார். பின்னாலிருந்து என் மச்சான் என் காதுக்குள், "நான் நிக்கட்டோ? பாதர் பாத்துக்கொண்டு நிக்கிறார்" என்றான். கோயில் முழுக்க என் முதுகில் கண். நான் பிள்ளையை மனைவியின் கையில் கொடுத்துவிட்டு வெளியில் ஓடினேன்.

தூரம் ஓடத் தேவைப்படவில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் அண்ணை நின்றார். புதுச் சேட்டு, பெட்டிக்குள் மடிந்திருந்த மடிப்புக்கூட இன்னும் நிமிரவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். எங்களுக்கு முதலே வந்துவிட்டாராம்.

"ஏன் அண்ணை இஞ்சை நிக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

"நேற்று உங்கடை வாசலாலை பிள்ளையைக் கூடப் பாக்காமத் திரும்பிப் போனனான். அது சரியில்லைத்தானே. நீங்கள் வேறை ஆரையும் பிடிச்சிருப்பீங்களோ எண்டு... உள்ளுக்கு வர ஒரு மாதிரி இருந்தது" என்றார்.

செய்தவன் நான். வெட்கப்பட்டு மரத்தடியில் நின்றது அவர். அந்த இடத்தில் நிலம் பிளந்து என்னை விழுங்கியிருந்தால் சந்தோசமாகப் போயிருப்பேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "சரி சரி, பிள்ளை அழப்போகுது, வாங்கோ" என்று அவர்தான் என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். தண்ணீர் ஊற்றும்போது பிள்ளை அவருடைய புதுச் சேட்டை நனைத்துவிட்டது. அவர் அதைத் துடைக்கவே இல்லை.

அன்று மத்தியானம் எங்கள் வாசல் முழுக்கச் செருப்பு இறைந்து கிடந்தது. ஒன்றை நாயும் தூக்கிக்கொண்டு போனது. கிடக்கட்டும்.

அந்தப் பலகையைப் பிளந்த ஓரத்தோடேயே தொட்டிலுக்கு மேலே சுவரில் பொருத்தினேன். அடுத்த வருடக் குருத்தோலை ஞாயிறு, அண்ணை ஓலைச் சிலுவையோடும் சுத்தியலோடும் வந்தார். பழைய ஓட்டை ஒன்றிலேயே ஆணியை இறக்கலாம் என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். கிடைக்கவில்லை. "ஒண்டையும் மிச்சம் விடேல்லையே தம்பி, அவ்வளவு வடிவா அடைச்சிருக்கிறீங்கள்" என்று சிரித்தார். உண்மையாகவே பாராட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் புதிதாக ஒரு ஆணி அடித்தார்.

இப்போதும் மர வேலை செய்கிறேன், கை முன்னையிலும் திருந்தியிருக்கிறது. ஆனால் யாராவது என் வேலையைப் பார்த்து வடிவாயிருக்கு என்று சொன்னால், அவர் விரல் அந்தப் பலகையில் தேடித் தேடி ஒன்றும் கிடைக்காமல் திரும்பினது நினைவுக்கு வந்து, என் தலை தானாகக் குனிந்துவிடுகிறது.